மூணு மாசத்துக்கு ஒரு தடவை

கூரையில் ஒரு விரிசல் இருந்தது. பதினோரு வருஷமாக வந்துபோகிற அறையில் அதை ரெஜினா மேரி இன்றைக்குத்தான் பார்க்கிறாள். இத்தனை நாளும் அவள் இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவள், நிற்கிறவளுக்குக் கூரை எதற்கு. படுத்துக் கிடந்தவன் தம்பி. அவன் பார்த்திருப்பான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அரைமணி நேரம், வாயைத் திறந்துகொண்டு இதையே பார்த்துக் கிடந்திருப்பான், ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்ல அவனிடம் வார்த்தையும் இல்லை. பெயர் ஸ்தனிஸ்லாஸ், வீட்டில் தனிஸ். பிறந்தபோதே டவுன் சிண்ட்ரோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாற்பத்தாறு வயதிலும் முப்பது நாற்பது சொல்லுக்கு மேல் சேரவில்லை. மார்ச் மாதம் நெஞ்சில் சளி கட்டி நாலே நாளில் போய்விட்டான். போன வாரம் இங்கிருந்து போன் வந்தது. "ஸ்தனிஸ்லாஸ் சாருக்குக் கிளீனிங் தேதி தாண்டிடுச்சு மேடம், எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?" என்று புதிதாகச் சேர்ந்த ஏதோ ஒரு பெண்ணின் குரல். இறந்துவிட்டான் என்று சொல்ல வாயெடுத்தவள், வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வர்றேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று பள்ளிக்கூட அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ்களை டைப் அடித்துக்கொண்டே யோசித்தாள், பஸ்ஸில் யோசித்தாள், தில்லை நகரில் இறங்கி நடக்கும்போதும் யோசித்தாள். அவன் பெயரை இன்னும் ஒருவர் உயிரோடிருக்கிறவன் பெயர் மாதிரிக் கூப்பிட்டதாலா? கிளினிக் கதவைத் தள்ளியதும் பல் சுத்தம் செய்கிற ஜன்னத், முகக்கவசத்தை இறக்கிச் சிரித்துக்கொண்டே அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அண்ணன் எங்கக்கா, கீழேயே நின்னுட்டாரா?" ரெஜினா சொன்னாள். சொல்லி முடித்ததும் ஜன்னத்தின் கண் கலங்குவதைப் பார்க்கப் பிடிக்காமல் அவசரமாக, "இன்னைக்கு எனக்குப் பாரும்மா" என்றாள்.

டாக்டர் முதலில் பார்த்தார். கோதண்டராமன் நல்ல மனுஷர், அதட்டாதவர். எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, பேனா முனையால் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். "எலும்பு இங்க இருக்கணும்மா. இங்க இருக்கு." பேனா ஒரு விரல் அகலம் கீழே இறங்கியது. "பல்லுல சொத்தை ஒண்ணும் பெருசா இல்ல. பிடிமானம்தான் போச்சு. கீழ முன்பல்லு நாலையும் எடுத்தாகணும், கடவாய்ல ரெண்டு. மத்ததைக் காப்பாத்த முடியுமான்னு இன்னைக்கு முழுசாக் கிளீன் பண்ணிட்டுப் பார்ப்போம்." அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார், குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "இத்தனை வருஷமா இங்கதானேம்மா வந்துட்டு இருந்தீங்க?" ஆமாம், இங்கேதான் வந்துகொண்டிருந்தாள். கிணற்றடியிலேயே குடியிருந்து தாகத்தில் செத்தவளைப் பற்றி என்ன சொல்வது. அவள் சிரித்தாள், சிரிக்கும்போது கை தானாக வாயை மூடிக்கொண்டது, இப்போதெல்லாம் அது தானாகவே போகிறது.

"வலிச்சா இடது கையத் தூக்குங்கக்கா, நிறுத்திடறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னத் விளக்கை இழுத்து வைத்தாள். கருவி முனகத் தொடங்கியது. பக்கத்தில் நின்று கேட்டபோது இது கொசு ரீங்காரம் மாதிரித்தான் இருந்தது, இவ்வளவு சின்ன சத்தத்துக்கா இந்தப் பாடு படுத்துகிறான் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறாள். இப்போது அது வெளியே இல்லை. தாடை எலும்பில் ஏறிக் காதுக்குப் பின்னால் போய் மண்டைக்குள் ஒரு கண்ணாடியை அறுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் தொண்டையை நோக்கி ஓடியது, எச்சில் உறிஞ்சும் குழாய் கன்னத்தைக் கவ்விக் கவ்வி விட்டது, மூச்சை மூக்கால் விடுங்க, மூக்கால் விடுங்க என்று ஜன்னத் சொன்னாள். மூக்கால். தனிசுக்கு மூக்கு எப்போதும் அடைத்துத்தான் இருக்கும். பிறவியிலேயே சின்ன மூக்கு, பெரிய நாக்கு. அவன் வாயால்தான் மூச்சுவிடுவான், வாயிலே தண்ணீர் ஓடினால் எதனால் விட்டிருப்பான்? இதை ஏன் இத்தனை நாள் யோசிக்கவில்லை. வேண்டாம், இதை இப்போது யோசிக்க வேண்டாம், வேறு எதையாவது நினை. விரிசலைப் பார். அம்மா இறந்த வருஷத்தை நினை. அதுவும் வேண்டாம். ஆனால் நினைப்பு அங்கேதான் போயிற்று. அம்மா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, தனிஸ் சுவரில் தலையை முட்டத் தொடங்கினான். மூன்று நாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, ஹால் சுவரில் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டே இருந்தான். அம்மாவைத் தேடுகிறான் என்று எல்லோரும் சொன்னார்கள், பங்குச் சாமியார்கூட வந்து தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார். நாலாம் நாள் கன்னம் வீங்கி, கண் மூடிப்போனபிறகுதான் தெரிந்தது, காரணம் அம்மா இல்லை, கடவாய்ப் பல். பழுத்து, சீழ் கட்டி, எலும்பு வரைக்கும் போயிருந்தது. முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளையை மடியில் வைத்து வளர்த்த அம்மா அவன் வாய்க்குள் ஒரு நாளும் பார்க்கவில்லை. அவன் பல் விளக்க மாட்டான், கடிப்பான், விட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் கோதண்டராமன் சொன்னார், மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்தால் போதும், இந்த மாதிரிப் பிறந்தவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெட்டுவிடும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வரணும், தினம் ரெண்டு வேளை நீங்களே விளக்கிவிடணும். "நீங்களும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பார்த்துக்குங்க" என்றும் சொன்னார். அதுவும் சொன்னார். அவள் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

முதல் பாதியை ஒரு நாள் தவறாமல் செய்தாள். காலை ஆறரை, ராத்திரி எட்டரை. பாத்ரூமில் ஒரு முக்காலி போட்டு அவனை உட்காரவைத்து, பின்னால் நின்று, அவன் தலையைத் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இடது கைவிரலால் உதட்டை விலக்கி, வலது கையால் ஈறோரமாகச் சாய்த்து, வட்டம் வட்டமாக. ஜன்னத் சொல்லிக் கொடுத்தது அது. மேல் வெளிப்பக்கம், மேல் உள்பக்கம், கீழ் வெளிப்பக்கம், கீழ் உள்பக்கம், நாக்கு. முதல் வருஷம் விரலைக் கடித்துக் கடித்து நகமே கறுத்துப்போனது. ரெண்டாம் வருஷம் கடிக்கவில்லை. மூன்றாம் வருஷத்திலிருந்து அவள் பிரஷ்ஷை எடுத்தாலே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்து காத்திருப்பான், குருவிக் குஞ்சு மாதிரி. அவனுக்கு முடித்துத் துடைத்து அனுப்பிவிட்டு, அவன் பிரஷ்ஷைக் கழுவி நிமிர்த்தி வைத்துவிட்டு, அப்புறம் அவளுடையது. அதற்குள் குக்கர் கூவும், ஏழேகால் பஸ் போய்விடும், அவனைப் பார்த்துக்கொள்ள வருகிற லூர்து அக்கா வாசலில் நின்று கூப்பிடுவாள். வாயில் பிரஷ்ஷை நாலு இழுப்பு இழுத்துத் துப்புவாள். நுரை சிவப்பாக இருக்கும். முதலில் இளஞ்சிவப்பு, பிறகு சிவப்பு. தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டு, அது சுழன்று இறங்கும்வரை பார்க்காமல் திரும்பிக்கொள்வாள். பார்க்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகிவிடும் என்றுதான் எட்டு வருஷம் ஓடியது. "நீங்க எப்பக்கா உக்காரப் போறீங்க?" என்று ஜன்னத் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அடுத்த தடவை, அடுத்த தடவை. அவள் இந்த நாற்காலியில் படுத்தால் அவனை யார் பிடித்துக்கொள்வது, கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கிவிடுவானே. அது நிஜம். ஆனால் முழு நிஜமா? லூர்து அக்காவை ஒரு நாள் தன்னோடு அழைத்து வந்திருக்கலாம். சனிக்கிழமை மத்தியானம் அவனைத் தூங்க வைத்துவிட்டு வந்திருக்கலாம். வராததற்கு வேறொன்றும் இருந்தது, அதை இந்த விளக்கு வெளிச்சத்தில் மறைக்க முடியவில்லை. காத்திருக்கும் அறையில் இவள் அவன் வாயைத் துடைத்துவிடுவதைப் பார்த்து யாராவது ஒரு பெண்மணி, கூடப் பிறந்தவன்னா இப்படி இருக்கணும் என்பாள். அந்தப் பேச்சு உள்ளே இனிப்பாக இறங்கும். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளாதவள் என்ற பெயரில் ஒரு ருசி இருந்தது. அந்த ருசியில்தான் எலும்பு கரைந்ததோ. ஒரு வருஷம் முன்பு கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டபோது, தட்டிக்கு அந்தப் பக்கம் இளம் சாமியார் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவள் கவனித்தாள். பாவத்தின் நாற்றம் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். அவளுக்குத் தெரியும், அது வாய். அன்றிலிருந்து அலுவலகத்தில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறாள், பெற்றோர் யாராவது வந்தால் ஒரு எட்டுத் தள்ளி நின்றுகொண்டு.

"கீழ உள்பக்கம் வர்றேங்க்கா, அங்கதான் பல்லுக் காறை நிறையக் கட்டியிருக்கு, கொஞ்சம் கூசும்" என்றாள் ஜன்னத். கருவியின் முனை முன்பல்லின் பின்னால் இறங்கி, ஈறுக்குக் கீழே, வேர் தொடங்குகிற இடத்தைத் தொட்டது. தண்ணீர் பீய்ச்சியது. ரெஜினாவின் உடம்பு நாற்காலியிலிருந்து ஒரு அங்குலம் எழும்பி விழுந்தது. வலி என்று நினைத்தாள், இல்லை, வலி இப்படி இருக்காது, வலிக்கு ஒரு சூடு உண்டு. இதில் சூடே இல்லை. பல்லுக்குள் பனிக்கட்டியால் செய்த ஒரு ஊசியைச் செருகி அதைத் தாடை முழுக்க இழுத்துப்போவது மாதிரி, கண்ணுக்குப் பின்னால், காதுக்குள், கழுத்தில், ஒரு வெள்ளைக் குளிர். குளிர். அந்த வார்த்தை மனசில் விழுந்ததும் மற்ற எல்லாம் நின்றுவிட்டது. குளிது. குளிது ஜீனா. அப்படித்தான் சொல்வான், ரெஜினா என்று வராது அவனுக்கு, ஜீனாதான். இந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு, கருவியை எடுத்த இரண்டாம் நிமிஷத்திலிருந்து, குளிது ஜீனா, குளிது. அவள் ஏசியைக் குறைக்கச் சொல்வாள். ஜன்னத் குறைப்பாள். குளிது. அவள் துண்டைப் போர்த்துவாள். அடுத்த தடவை நீல ஸ்வெட்டரைக் கொண்டுவந்தாள், மே மாதத்தில், திருச்சி வெயிலில், கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக் கழுத்துவரை பொத்தானைப் போட்டுப் படுக்கவைத்தாள். வேர்வை அவன் நெற்றியிலிருந்து காதுக்குள் வழிந்தது, அப்போதும் குளிது என்றான். பொய் சொல்கிறான், படுத்துகிறான், எழுந்துபோக வழி பார்க்கிறான் என்று நினைத்தாள். வேர்த்து ஊத்துது, எங்கேடா குளிருது உனக்கு என்று ஒரு தடவை எல்லோர் முன்னாலும் அதட்டினாள். சிரித்தார்கள். அவனுக்கு இருந்தது முப்பது நாற்பது சொல். கூச்சம் என்ற சொல் அதில் இல்லை. இருந்ததிலேயே ரொம்பப் பக்கத்துச் சொல்லை அவன் எடுத்துக் கொடுத்திருக்கிறான், சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், எல்லாம் இருக்கிற இவளே இப்போது இதற்கு வேறு சொல் தேடிக் கிடைக்காமல் கிடக்கிறாள். பதினோரு வருஷம், வருஷத்துக்கு நாலு, பெருக்காதே, பெருக்க வேண்டாம், ஒவ்வொரு தடவையும் ஸ்வெட்டர்.

கையைத் தூக்கலாம். தூக்கினால் ஜன்னத் நிறுத்துவாள். இடது கை மடியில் கிடந்தது, அதைத் தூக்க அவளால் முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கையைப் பற்றியும் இப்போது ஞாபகம் வந்துவிட்டது. முதல் தடவை ஜன்னத் அவனிடமும் அப்படித்தான் சொன்னாள், வலிச்சா இந்தக் கையத் தூக்குங்கண்ணா என்று அவன் இடது கையைத் தொட்டுக் காட்டி. அவன் கற்றுக்கொண்டான். ஒன்றைக் கற்றுக்கொண்டால் மறக்காதவன் அவன். தூக்கினான். நிறுத்தினாள். மறுபடி தூக்கினான். இப்படி நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கினால் எப்போது முடிப்பது, அரை நாள் லீவு முடிந்துவிடுமே என்று ரெஜினாதான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்பாகத்தான் பிடித்தாள். விரலோடு விரல் கோத்துக்கொண்டு, மறுகையால் அவன் மணிக்கட்டை நாற்காலிக் கைப்பிடியோடு அழுத்திக்கொண்டு, ஒண்ணும் இல்லடா தங்கம், ஒண்ணும் இல்ல, முடிஞ்சிருச்சு. பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? கைகோத்து நிற்கிற அக்கா. கருவி அடுத்த பல்லுக்குப் போயிற்று. கண்ணீர் காதுக்குள் வழிந்தது, அழுகிறாளா கண் தானாக வடிகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. சவப்பெட்டியில் வைப்பதற்கு முன் தாடையைத் துணியால் கட்டுகிறபோது உதடு கொஞ்சம் விலகி அவன் பல் தெரிந்தது. லூர்து அக்கா அழுதுகொண்டே, பாரேன் எவ்வளவு சுத்தமா வச்சிருந்தே, முத்து மாதிரி என்றாள். அந்த நேரத்திலும், அந்த நேரத்திலும்கூட ஆண்டவரே, ரெஜினாவுக்கு உள்ளே ஒரு பெருமை எழுந்தது. இருபத்தாறு பல். ஒன்றில்கூடக் கறையில்லை. எழுபது வயது வரைக்கும் வருகிற மாதிரி வைத்திருந்தாள், அவன் நாற்பத்தாறிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான். மண்ணுக்குள் மற்றதெல்லாம் கரையும், பல் கரையாதாம், ரொம்ப காலம் கிடக்குமாம், எங்கேயோ கேட்டது. அப்படியென்றால் அங்கே இருட்டில் அவனில் மிஞ்சப்போவது அதுதான். அவனுக்கு நோவு கொடுத்து அவள் காப்பாற்றிய பொருள் மட்டும்.

"எந்திரிச்சுக் கொப்பளிங்கக்கா" என்று ஜன்னத் நாற்காலியை நிமிர்த்தினாள். கீழ்வரிசை முடிந்திருந்தது. தண்ணீரை வாயில் ஊற்றித் துப்பினாள், ரத்தமும் கறுப்புத் துணுக்குகளுமாக விழுந்தது, இந்தத் தடவை திரும்பிக்கொள்ளாமல் பார்த்தாள். நாக்கு கீழே போய்த் துழாவியது. பற்களுக்கு நடுவில் காறை நிரப்பியிருந்த இடமெல்லாம் காலியாகி, ஒவ்வொன்றும் தனித்தனியாக, நீளமாக, வேலியில் மண் அரித்துப்போன கம்பங்கள் மாதிரி நின்றன. நாக்கு பட்டதும் நாலும் ஆடின. இத்தனை நாளும் அவற்றைப் பிடித்து நிறுத்தியிருந்ததே அந்த அழுக்குத்தான் போலிருக்கிறது. வாயைத் துடைத்துக்கொண்டு, ஜன்னத்தின் முகத்தைப் பார்க்காமல், தட்டில் இருந்த கருவிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"தனிசுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமாம்மா?"

ஜன்னத் கையுறையின் விரல்நுனியை இழுத்து இழுத்து விட்டாள். இல்லக்கா, அண்ணனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது என்று சொல்லிவிடுவாள் என்று ரெஜினா பயந்தாள், சொல்லிவிட மாட்டாளா என்றும் ஏங்கினாள்.

"இருந்திருக்குங்க்கா" என்றாள் ஜன்னத். "கிளீனிங்கால அவருக்குப் பல்லு நின்னுச்சு, ஆனா ஈறு ஏற்கெனவே கொஞ்சம் இறங்கித்தான் இருந்துச்சு. வேர் வெளிய தெரியற எடத்துல தண்ணி பட்டா யாருக்கும் இப்படித்தான்."

"அதுக்கு ஏதாவது செஞ்சிருக்க முடியுமா?"

"ஊசியெல்லாம்கூட வேண்டாம். ஒரு ஜெல் இருக்கு. தடவி ரெண்டு நிமிஷம் விட்டா மரத்துப்போயிடும். கூசுதுன்னு சொல்றவங்களுக்கெல்லாம் போட்டுத்தான் செய்வோம்." அவள் குரல் தாழ்ந்தது. "அண்ணன் குளிருதுன்னுதான் சொன்னாரு. நானும் ஏசியத்தாங்க்கா குறைச்சேன்."

வெளியே காத்திருக்கிற அறையில் யாரோ போனில் சத்தமாக அரிசி மூட்டை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு நிமிஷம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ரெண்டு நிமிஷம். ரெஜினா அதை மனசில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அளவுதான் இருந்தது. யாரிடம் போய் இதைச் சொல்வது? முழங்கால் போட்டுச் சொன்னால் சாமியார் மன்னிப்பார், அவருக்கென்ன, அவருக்கா கூசியது. மன்னிக்க வேண்டியவனிடம் அந்தச் சொல்லும் இருந்ததில்லை. அவன் எதையும் மனசில் வைத்துக்கொண்டதே இல்லை, இங்கிருந்து இறங்கியதும் படிக்கட்டிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அதை நினைத்து ஆறுதல் தேடலாமென்று பார்த்தாள். ஆறுதல் வரவில்லை. அவன் சிரித்தது இன்னும் மோசமாக இருந்தது.

"மேல்வரிசை இருக்குக்கா" என்று ஜன்னத் இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். "மேலேயும் வேர் நிறையத் தெரியுது. முதல்லயே கேட்டிருக்கணும் நான். இதைத் தடவிட்டுச் செய்யறேன், ஒண்ணுமே தெரியாது."

"வேண்டாம்."

"எதுக்குங்க்கா சும்மா கஷ்டப்பட்டுக்கிட்டு?"

இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது ரெஜினாவுக்குத் தெரியும். மண்ணுக்குள் ஒருவனுக்கு எதுவும் திரும்பக் கிடைக்காது, அடுத்த வாரம் இந்த நாலு பல்லும் எப்படியும் போகும், அதற்கடுத்து மற்றவை போகும், அதையும் தாங்கிக்கொண்டு சமைத்துச் சாப்பிட்டுப் பஸ் ஏற வேண்டியதுதான். தெரிந்தேதான் சொன்னாள்.

"அப்படியே செய்ம்மா."

சொல்லிவிட்டுப் பின்னால் சாய்ந்து படுத்து வாயைத் திறந்தாள். ஜன்னத் குப்பியைத் திரும்ப இழுப்பறையில் வைத்துவிட்டு, கருவியைக் கையில் எடுத்தாள்.